சின்னச் சண்டைக்கு ஓர் ஆங்கிலச் சொல்

நான் ஆங்கிலம் கற்றது, மலாயாவில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்துச் செய்தித்தாளில். அதனால் கறிவேப்பிலைக்கு ஆங்கிலத்தில் என்ன என்று தெரியாது. பதுங்குவது, பின்வாங்குவது, சரணடைவது எல்லாம் பிழையில்லாமல் எழுத வரும். இந்த மூலதனத்தோடுதான் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணியாக விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். (வீட்டில் வடிக்கும் கஞ்சியில் பாதி என் சட்டைக்குப் போய்விடும்.)

கல்யாணமாகி ஆறு மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து, மனைவி ரோசம்மா புக்கிட் ரோத்தானில் இருந்த தாய்வீட்டுக்குக் கிளம்பினாள். இடுப்பில் துணி மூட்டை, அதற்குள் அம்மாவுக்கென்று சுட்ட முறுக்கு. காட்டில் ஒளிந்திருப்பவர்கள் கைக்குப் போய்விடும் என்று அப்போது தோட்டத்து வேலியைத் தாண்டி ஒரு பிடி சோறுகூட வெளியே போகக் கூடாது. கேட்டில் காவல்காரர்கள் மூட்டையை அவிழ்த்தார்கள். பக்கத்தில் நின்ற நான் புருஷனாக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே" என்று கிராணியாகப் பேசித் தொலைத்தேன். ரோசம்மா முறுக்கையும் என்னையும் அங்கேயே விட்டுவிட்டு நடந்தாள்.

மாலையில் திரும்ப வேண்டியவள் வியாழன் வரை வரவில்லை. இனி வருவதாகவும் இல்லை என்று லோரிக்காரரிடம் சொல்லியனுப்பினாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கு லீவுக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். சின்னச் சண்டைக்கு என்ன சொல்? ஆள் சேதம் அதிகமில்லாத மோதலைப் பேப்பரில் 'ஸ்கர்மிஷ்' என்று போடுவார்கள். அதையே போட்டு எழுதி, துரை வெளியே போயிருந்ததால் மேசையில் வைத்துவிட்டுச் சைக்கிளை மிதித்தேன்.

மாமனார் வீட்டில் நாற்காலி கொடுத்தார்கள், காப்பி கொடுத்தார்கள், பேச்சு மட்டும் கொடுக்கவில்லை. ரோசம்மா உள்ளறையை விட்டு வரவே இல்லை. காப்பி ஆறிக்கொண்டிருக்கும்போது வாசலில் போலீஸ் லோரி வந்து நின்றது. மலாய் இன்ஸ்பெக்டர் ஒருவரும் துப்பாக்கியோடு ஆறு பேரும் குதித்தார்கள். துரை என் கடிதத்தைப் படித்த வேகத்தில் ஸ்டேஷனுக்குப் போன் போட்டிருக்கிறார்.

மோதல் எங்கே, எத்தனை பேர் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். எனக்கு மலாய் மறந்துபோனது, தமிழும்தான். கூட வந்த தமிழ்ப் போலீஸ்காரர் என் கடிதத்தை விரித்து, மாமனாருக்காகத் தமிழில் வாசித்தார்: "ஞாயிற்றுக்கிழமை கேட் அருகே ஸ்கர்மிஷ். எதிர்த்தரப்பு புக்கிட் ரோத்தானுக்குப் பின்வாங்கிப் பதுங்கியுள்ளது. பிடித்து வர ஒரு நாள் அனுமதி வேண்டும்." (மனைவி என்று எழுத வெட்கம்.)

எதிர்த்தரப்பு யார் என்றார் இன்ஸ்பெக்டர். நான் உள்ளறையைக் கைகாட்டினேன். மாமனார் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பயப்படாதீங்க பெரியவரே, ஸ்கர்மிஷ்னா சின்னச் சண்டைதான்லா" என்றார் போலீஸ்காரர்.

அதைக் கேட்டுத்தான் ரோசம்மா வெளியே வந்தாள். துப்பாக்கிகளை அவள் கண்டுகொள்ளவே இல்லை.

"சின்னதுன்னு யாரு சொன்னா? ஊரு முன்னால என் மூட்டைய அவுக்கிறாங்க. கட்டுனவரு பக்கத்துல நின்னு சட்டம் பேசுறாரு. அது சின்னதா?"

போலீஸ்காரர் அதையும் ஒரு சொல் விடாமல் மலாயில் சொன்னார். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு என்னையே பார்த்தார். அவரும் கல்யாணமானவராகத்தான் இருக்க வேண்டும்.

"தப்புதான் ரோசு" என்றேன். அவள் அசையவில்லை. "பெரிய தப்பு."

பெரிய என்றதும்தான் அவள் முகம் இளகியது. போலீஸ் லோரியிலேயே, டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வீடு திரும்பினாள். பின்னால் துப்பாக்கிகளுக்கு நடுவே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நான். கிராணியைக் கைது பண்ணிவிட்டார்கள் என்று தொழிலாளர் குடியிருந்த லயம் முழுக்கப் பேச்சு. மறுக்கத் தோன்றவில்லை, அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சண்டை பெரியதா சின்னதா என்று ரோசம்மாதான் சொல்வாள். மகள் கல்யாணமாகிப் போனபோது அந்த அதிகாரத்தையும் கூடவே கொண்டுபோனாள். போன வாரம் மாப்பிள்ளை போன் செய்தார். என்ன விஷயம் என்று கேட்டேன்.

"ஒரு சண்டை மாமா" என்றார் மெல்லிய குரலில். "அளவு இன்னும் சொல்லல."