தொண்ணூற்றெட்டு கிலோ தைரியம்

அன்பும் அதட்டலும் சம எடையில் உள்ள என் அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. இங்கே மூவரும் நலம். பாப்பா சுண்டுவின் இடது முழங்காலில் ஒரு கொசுக்கடி மட்டும், நேற்றைக்கு இன்று சிவப்பு குறைவு. உன் வார்டில் உன் கையால் ஊசி போட்டுக்கொள்ளும் அத்தனை குழந்தைகளும் சீக்கிரம் வீடு திரும்ப வேண்டுகிறேன்.

உன் கடிதம் வந்து பதினொரு நாளாகிறது. பதில் தாமதமானதற்குக் கோபம் காரணமில்லை. "நீ மூணு தடவை பெட்டி கட்டினே, மூணு தடவையும் பெட்டிதான் பஸ் ஸ்டாண்டைப் பாத்துட்டு வந்துச்சு, நீயாவது தீவுக்குப் போறதாவது" என்று எழுதியிருந்தாயே, அதற்கு வாயால் அல்ல, வண்டியால் பதில் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். முதல் தடவை சுண்டு தும்மினாள். இரண்டாம் தடவை வானிலை அறிக்கையில் 'லேசான' என்ற சொல் வந்தது. மூன்றாம் தடவை நானே தும்மினேன். ஒப்புக்கொள்கிறேன். அதற்கப்புறம் நடந்ததை மட்டும் உன்னிடம் சொல்லவில்லை. ஃபிரிட்ஜ் பழுது பார்க்கிற ஆளுக்குச் சூடே ஏறாது என்று என் வீட்டுக்காரரை நீ கேலி செய்வாயே, அந்த மனுஷர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைக்காமலே சொன்னார்: "நீ பயப்படறது தப்பில்ல. ஆனா இந்தத் தடவை நீ இறங்கினா வண்டி நிக்காது. நானும் பாப்பாவும் போயிட்டு வந்துடறோம்." கத்தியிருந்தால் நானும் கத்தித் தீர்த்திருப்பேன். மெதுவாகச் சொல்லிவிட்டார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்: தலை போனாலும் இந்த வண்டியைவிட்டு இறங்குவதில்லை.

வண்டி என்றால், தொழிலை விட்டுவிட்ட ரொட்டிக்கடைக்காரர் ஒருவரிடம் வாங்கிய பழைய வேன். ரொட்டித் தட்டு அடுக்கும் பலகைகளை அகலமாக்கி இவர் மூன்று படுக்கை போட்டார், ஒரு அடுப்பு வைத்தார், இன்னமும் பன் வாசனை போகவில்லை. கடலைத் தாண்டுவதற்கு முன்னால் வாசலில் மூன்று நாள் ஒத்திகை பார்த்தே ஆகவேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். யாரும் வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது, சமையலும் தூக்கமும் வண்டியிலேயே. முதல் நாள் காலையில் எழுந்து பின்கதவைத் தள்ளினால் திறக்கவில்லை. கைப்பிடி வெளியே மட்டும்தான் இருக்கிறது. ரொட்டி தானாக இறங்கிப் போகாது என்பதால் உள்ளே கைப்பிடி வைக்க யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. முன்பக்கமாக ஏறிக் குதிக்கலாம் என்றால் அங்கே இவர் அலமாரியை ஆணி அடித்து வைத்திருக்கிறார். அலமாரிக்கும் தகரத்துக்கும் இடையில் சுண்டுவின் கை நுழைகிற அளவுக்குச் சந்து. அதன் வழியே, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் தொங்கும் பழைய ரப்பர் ஹாரனை அமுக்கச் சொன்னோம், யாராவது வந்து திறப்பார்கள் என்று. வந்தார்கள் அக்கா. தெருவே வந்தது, பையும் கையுமாக. அது பத்து வருடமாக அவர்கள் கேட்டுப் பழகிய ரொட்டி ஹாரன் இல்லையா? பின்பக்கம் வரிசையில் நின்றுகொண்டு, ரொட்டிக்காரர் திறக்கட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தார்கள். நாங்கள் உள்ளே தட்டத் தட்ட, "அவசரப்படாதீங்கப்பா, அடுக்கிட்டு இருக்காரு" என்று ஒரு குரல். கடைசியில் டியூஷன் வாத்தியார் பொறுமையிழந்து கதவைத் திறந்தார். பலகைமேல் அடுக்கி வைத்த மாதிரி நாங்கள் மூவரும். அவர் பையை நீட்டிய கையை மடக்காமலே, "ரொட்டி இல்லீங்களா?" என்றார்.

பழைய நானாக இருந்தால் அன்றைக்கே வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தியிருப்பேன். போகவில்லை. உள்பக்கம் கைப்பிடி போடச் சொன்னேன், அது கழன்றால் என்ன செய்வது என்று இன்னொன்றும் போடச் சொன்னேன், மூன்று நாளையும் முடித்துவிட்டுத்தான் படகு அலுவலகத்துக்குப் போன் போட்டேன். வண்டி ஏற்றும் படகு மாதத்துக்கு இரண்டே தடவை. "தீவுல ஆஸ்பத்திரி இருக்குங்களா?" என்றேன். "இருக்கும்மா, வெள்ளிக்கிழமை" என்றார் குமாஸ்தா. "மத்த நாள்ல ஏதாவது வந்தா?" "மத்த நாள்ல யாருக்கும் எதுவும் வர்றதில்லம்மா." அடுத்து, தென்னை மரத்தடியில் வண்டி நிறுத்தினால் தேங்காய் விழுமா என்று கேட்டேன். "விழும்மா, வேற எங்க போகும்?" என்றார். சுண்டுவுக்கு ஹெல்மெட் வாங்கினேன். இப்போது அதைக் கழற்றிவிட்டுத் தூங்க மாட்டேன் என்கிறாள்.

போன செவ்வாய்க்கிழமை துறைமுக எடைமேடையில் வண்டியையும் எங்களையும் சேர்த்து நிறுத்தினோம். ஆளோடு சேர்த்து இரண்டு டன்தான் அனுமதி. நாற்பது கிலோ அதிகம். குமாஸ்தா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "தீவுக்குச் சுத்திப் பாக்கப் போறீங்களா, இல்ல அங்க வைத்தியசாலை கட்டப் போறீங்களா?" இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இவள் இறங்கிவிடுவாள் என்ற பார்வை அது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் கேன் ஆறையும் இறக்கினேன். தீயணைப்புக் கருவி இரண்டையும் இறக்கினேன். ஆவி பிடிக்கிற இயந்திரம், இருமல் மருந்துப் பெட்டி, அதற்கு மாற்றுப் பெட்டி, இரண்டிலும் இல்லாத மருந்துக்கான மூன்றாவது பெட்டி, எல்லாம் போயிற்று. "நாப்பது போதும்மா, நாப்பது போதும்" என்று குமாஸ்தா பின்னாலேயே ஓடி வந்தார். நான் நிறுத்தவில்லை. மொத்தம் தொண்ணூற்றெட்டு கிலோ. இவர் ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தார். இப்போது சொல் அக்கா, யார் பயந்தாங்கொள்ளி?

வருகிற சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் படகு. ஆகவே அறிவுரை எதுவும் எழுதாதே. துணைக்கு ஆள் வேண்டுமா என்றும் கேட்காதே; வேண்டாம். என் குடும்பத்தை என்னால் பார்த்துக்கொள்ள முடியும்.

என்னைத் திட்டுவதற்கு வேண்டிய தெம்பு உனக்கு நூறு வயதுவரை குறையாமல் இருக்கட்டும். சுண்டு ஹெல்மெட்டோடு ஒரு முத்தம் தருகிறாள்.

உன் தைரியசாலித் தங்கை

பின்குறிப்பு: தொண்ணூற்றெட்டில் நாற்பது போனால் ஐம்பத்தெட்டு. போன மாதம் எங்கள் வீட்டு எடைக் கருவியில் ஏறி நீ முகத்தைச் சுளித்தபோது பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன், அதே ஐம்பத்தெட்டுதான். நாலாவது ஆளாக உன் பெயரைக் கொடுத்தாயிற்று. உங்கள் தலைமை நர்ஸிடம் நானே பேசிப் பதினைந்து நாள் லீவும் வாங்கிவிட்டேன். ஸ்டெதஸ்கோப்பை மட்டும் கழுத்தில் மாட்டிக்கொண்டு வா, வேறு எதற்கும் எடை மிச்சமில்லை. சனிக்கிழமைவரை ராத்திரிச் சாப்பாட்டைக் கொஞ்சம் குறைத்துக்கொள். கொசுக்கடியையும் வந்து ஒரு தடவை பார்த்துவிடு.