காப்பிக்கடை அல்ல என்பதற்கான சான்றிதழ்

மலாங் நகரத்தில் எங்கள் வட்டாரத்துக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. இங்கே யாரும் எதையும் அனுமதி இல்லாமல் செய்வதில்லை. சுதந்திர தினத்தன்று காலையில் ஊரே சேர்ந்து நடக்கிற நடைக்குக்கூட மூன்று முத்திரை வேண்டும். போன ஆகஸ்டில் அந்த நடை முடிந்து குலுக்கல் நடந்தது. எதிர்வீட்டு விந்தார்தி அக்காவுக்கு முதல் பரிசாக எஸ்பிரெசோ காப்பி இயந்திரம் விழுந்தது. எனக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி.

அக்கா பள்ளிச் சீருடை தைக்கிறவள். அவள் கணவர் தர்முஜி டவுனுக்குள் வேன் ஓட்டுகிறார். இயந்திரம் வந்த முதல் வாரம் காப்பி புளித்தது, அடுத்த வாரம் கசந்தது. மூன்றாவது வாரம் தேன் போல மெல்லிய நூலாக இறங்கியது. அதோடு அவள் நிற்கவில்லை. கருப்பட்டியையும் வாசனைக்கு ரம்பை இலையையும் சேர்த்துக் காய்ச்சி வடிகட்டிப் பாகு எடுத்தாள். கோப்பையின் அடியில் இரண்டு கரண்டி பாகு, மேலே காப்பி, அதற்கு மேல் நுரைத்த பால். சளி பிடித்தவர்களுக்கு இஞ்சிப் பாகு. வெயில் நாளில் தேங்காய்ப் பாலும் ஐஸும்.

நாலு மணிக்கு அந்த வாசனை தெருவைத் தாண்டும். அக்கா வீட்டில் இருந்தது நாலே கோப்பை என்பதால், நாங்கள் ஏழெட்டுப் பேர் அவரவர் கோப்பையோடு போவோம்.

ஒரு நாள் கோப்பை இல்லாமல் ஒருவர் வந்தார். வட்டார அலுவலகத்தின் ஒழுங்குப் பிரிவு அலுவலர் ஹர்தோயோ.

"இங்க காப்பிக்கடை நடக்குதுன்னு தெரியவருது."

"கடை இல்ல பாக். வீடு," என்றாள் அக்கா. ஆண்களைப் பாக், பெண்களை இபு என்று மரியாதையாகக் கூப்பிடுவது எங்கள் வழக்கம்.

"காசு வாங்குறீங்களா?"

"இல்லையே."

அவர் எழுதினார். "காசு வாங்காத காப்பிக்கடை" என்று தனக்குத்தானே படித்துப் பார்த்தார். "இது இன்னும் சிக்கல் இபு. காசு வாங்குற கடைக்கு விதி இருக்கு. இதுக்கு விதியே இல்ல."

"அப்ப நான் என்ன செய்யணும்?"

"காப்பிக்கடை அல்லன்னு ஒரு சான்றிதழ் வாங்கணும். பதினாலு நாள் டயம். இல்லேன்னா மெஷினுக்கு சீல்."

"இது வீடுன்னு எழுதிக் குடுத்தாப் போதாதா?"

"வீடுங்கறது வேற பிரிவு. அந்த அலுவலர் லீவு."

மறுநாள் அக்காவுக்குத் துணையாக அலுவலகத்துக்கு நானும் போனேன். விண்ணப்பத்தில் பதினெட்டு கேள்விகள். மேசை எத்தனை, நாற்காலி எத்தனை, கூரை யாருடையது என்பதெல்லாம் சுலபமாக முடிந்தது. கடைசிக் கேள்வியில் ஹர்தோயோ பேனாவை மூடிவிட்டு விளக்கினார்.

"சுவைப் பரிசோதனை. மூணு பேர் கொண்ட குழு நேர்ல வந்து குடிக்கும். கடையில கிடைக்கிற தரத்துல இருந்தா அது கடை."

"அப்ப நல்லா இருந்தா?"

"சீல்."

"நல்லா இல்லேன்னா?"

"வீடு."

அக்கா விண்ணப்பத்தை அவர் பக்கம் திருப்பினாள். "என் வீட்டுக் காப்பி நல்லா இருக்காதுன்னு நானே எழுதித் தரணுமா?"

"நீங்க எழுத வேணாம். அதுக்குத்தான் குழு."

அன்று முதல் அக்கா கெட்ட காப்பி போடப் பழகினாள். பொடியைக் கூட்டினாள், குறைத்தாள். பாலைப் பொங்கவிடலாம் என்று வைத்தாள். பொங்குகிற நேரம் பார்த்து அவள் கை தானாகப் போய் நீராவிக் குழாயை மூடிவிட்டது. ஒவ்வொரு கோப்பையும் முந்தினதைவிட நன்றாக வந்தது. நான் சிரித்துவிட்டேன்.

"சிரிக்காத லாஸ்மி," என்றாள் அக்கா. "நாள் முழுக்கக் காலரும் பொத்தானும்தான் பாக்குறேன். நாலு மணிக்குத்தான் நாலு முகத்தைப் பாக்குறேன்."

எனக்குச் சிரிப்பு நின்றுபோனது.

பரிசோதனை நாள் வந்தது. தர்முஜி விடுப்பு எடுத்து வீட்டில் இருந்தார். அக்கா அவரைக் கூப்பிட்டாள்.

"இன்னிக்கு நீங்க போடுங்க."

"நானா? எனக்கு வெந்நீர் வைக்கவே தெரியாதே."

"தினம் நான் போடறதப் பாத்திருக்கீங்கல்ல. உங்களால முடிஞ்ச மட்டும் நல்லாப் போடுங்க."

அந்த மனிதர் உருகிவிட்டார். தலை சீவி, மடிப்புக் கலையாத பூப்போட்ட பாத்திக் சட்டை போட்டுக்கொண்டு அடுக்களைக்குள் போனார். கருப்பட்டியை அடுப்பில் வைத்துவிட்டு, வாசலில் ஹாரன் சத்தம் கேட்டதே என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அதற்குள் வாணலி புகைந்தது. ரம்பை இலைக்குப் பதில் பிரிஞ்சி இலையைக் கிள்ளிப் போட்டார். இனிப்புப் போதாது என்று தோன்றியதால் டப்பாவிலிருந்து வெள்ளையாக மூன்று கரண்டி சேர்த்தார். அது உப்பு டப்பா.

குழு உட்கார்ந்திருந்தது. ஹர்தோயோ, வட்டாரத் தலைவர் சுலிஸ்தியோ, பண்பாட்டு ஆலோசகர் நிரினா. நிரினா ஜகார்த்தாவில் மூன்று நாள் சுவைப் பயிற்சி முடித்தவர். நாக்குக்குச் சான்றிதழ் வைத்திருந்தார்.

மூவரும் ஒரே நேரத்தில் குடித்தார்கள். தலைவருக்குக் கண் கலங்கியது. பணியில் இருந்ததால் ஹர்தோயோ விழுங்கினார்.

நிரினா கண்ணை மூடினார். "முதல்ல புகை வருது," என்றார். "அப்புறம் கடல்."

"கடல் எனக்கும் வந்துச்சு," என்றார் தலைவர்.

"எனக்கு அப்பவே வந்துச்சு," என்றார் ஹர்தோயோ. "தலைவர் சொல்லட்டும்னு இருந்தேன்."

"இந்த இலை காட்டுல பறிச்சதா?" என்று நிரினா கேட்டார்.

"அடுக்களையில இருந்துச்சுங்க," என்றார் தர்முஜி.

"என்ன அடக்கம் பாருங்க," என்று நிரினா குறித்துக்கொண்டார்.

அக்கா பதறி முன்னால் வந்தாள். நன்றாக இருந்தால் சீல் அல்லவா? "பாக், அது கருகினது. அதுல இருக்கறது உப்பு," என்று குறுக்கே புகுந்தாள்.

"மறைக்காதீங்க இபு," என்றார் நிரினா. "தெரிஞ்சுதான் செஞ்சிருக்கார்."

"தெரிஞ்ச வரைக்கும் செஞ்சேன்," என்றார் தர்முஜி வெட்கத்தோடு.

ஹர்தோயோ கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "இந்தச் சுவை எந்தக் கடையிலயாவது கிடைக்குமா?"

"கிடைக்காது," என்றார் தலைவர் உறுதியாக.

"இதக் குடுத்தா ஒரு கடை நடக்குமா?"

"ஒரு நாள்கூட நடக்காது."

"ஆகவே, மேற்படி இல்லம் காப்பிக்கடை அல்ல," என்று சொல்லி ஹர்தோயோ முத்திரையைக் குத்தினார்.

நாங்கள் கைதட்டினோம். கதை அங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் அந்த வாரமே அலுவலகப் பலகையில் அறிக்கை ஒட்டினார்கள். புகையும் கடலும் கலந்த இல்லக் காப்பி எங்கள் வட்டாரத்தின் அடையாளமாம். குடும்பந்தோறும் அதைத் தயாரித்துப் பெருமை சேர்க்க வேண்டுமாம்.

நாங்கள் சேர்த்தோம். தவணையில் இயந்திரம் வாங்கினோம். நாலு மணிக்குத் தெரு முழுக்கக் கருப்பட்டி கருகியது. ஓய்வு நாளில் தர்முஜி வகுப்பு எடுத்தார். எவ்வளவு நேரம் கருகவிடுவது என்று கேட்டால், "வாசல்ல ஹாரன் கேட்டுப் போய்ப் பாத்துட்டு வர நேரம்," என்பார். அதையும் எழுதிக்கொண்டோம். முதல் வாரம் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். ஒரு மாதத்தில், விருந்தாளிகளுக்குக் கடல் தெரிகிறதா என்று முகத்தை உற்றுப் பார்க்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டேன்.

டிசம்பரில் போட்டி வைத்தார்கள். கோப்பைகளில் பெயர் கிடையாது, எண் மட்டும். நடுவர்கள் மூன்று பேர்: ஹர்தோயோ, நிரினா, குடியிருப்போர் சார்பில் நான்.

பதினேழாம் எண் கோப்பையை வாயில் வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அடியில் கருப்பட்டி, மேலே ரம்பை வாசனை, அந்த நுரை. யார் கை என்று என் நாக்கு சொல்லிவிட்டது.

நிரினா எழுதினார்: "இனிமையாக இருக்கிறது. வேறு ஒன்றும் இல்லை." ஹர்தோயோ அதன் கீழே ஒப்பமிட்டார். தாள் என்னிடம் வந்தது. இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "ஆழம் போதாது" என்று எழுதி நானும் கையெழுத்துப் போட்டேன்.

முடிவைப் பலகையில் ஒட்டினார்கள். மூன்று கையெழுத்தும் தெளிவாகத் தெரிந்தன.

மறுநாள் நாலு மணிக்கு அக்கா வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான். ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிற தர்முஜி, அக்கா போட்ட காப்பியைக் கண்ணை மூடிக் குடித்துக்கொண்டிருந்தார். தான் போட்டதை அவர் ஒருநாளும் ஒரு வாய்கூடக் குடித்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அக்கா என்னைப் பார்த்துவிட்டாள். கோபமே இல்லை, அவள் முகத்தில் சிரிப்புக்கூட இருந்தது.

"வா லாஸ்மி. பாகு நிறைய இருக்கு. ஆழம்தான் இருக்காது."

நான் வாசலிலேயே நின்றேன். எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. அதற்குள் தெருக்கோடியில் ஹர்தோயோ எந்தெந்த வீட்டில் புகை வருகிறது என்று பதிவேட்டில் குறித்துக்கொண்டு வருவது தெரிந்தது.

"இல்லக்கா, அடுப்புல கருப்பட்டி கருகிக்கிட்டிருக்கு," என்று சொல்லிவிட்டு, அது சரியாகக் கருகுகிறதா என்று பார்க்க ஓடினேன்.