நான் ஓட்டை போட்டு ஓகே செய்த மென்பொருள்

நான் கைவைத்த எந்த வேலையும் கெட்டுப்போனதில்லை. ஆம்பூரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். என் வீட்டில் மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் என் மனைவி கிரேஸ் உள்ளே போய் ஒரு சிடியை எடுத்து வருவாள். வட்டமாக, பளபளவென்று, ஓரத்தில் ஓட்டையோடு இருக்கும். அதைப் பார்த்த பிறகு நீங்கள் என்னை நம்ப மாட்டீர்கள்.

ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். (நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா, பள்ளிக்கூடம் என்னை விட்டதா என்பது இன்னும் தீராத வழக்கு.) தோல் கட்டு சுமந்தேன், தோல் வெட்டினேன், தைத்தேன், கடைசியில் நாற்பது மெஷின் போட்டு ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் யூனிட் வைத்தேன். சரக்கு வாங்க வரும் வெளிநாட்டுப் பையர்கள் என் பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, குறை கிடைக்காத ஏமாற்றத்தில் டீ மட்டும் குடித்துவிட்டுப் போவார்கள்.

அதற்குக் காரணம் சாம்பிள். எங்கள் யூனிட்டில் ஒரு நடைமுறை வைத்திருந்தேன். வெளியே வீடுகளில் தைப்பவர்கள் வேலையைத் தொடங்கும் முன் இரண்டு பீஸ் தைத்துக் காட்ட வேண்டும். சரியில்லை என்றால் குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பிவிடுவேன். சரி என்றால் ஓரத்தில் பஞ்ச்சால் ஓட்டை போட்டு, நூல் கோர்த்து, அட்டை கட்டி, முடிச்சில் அரக்கு உருக்கி முத்திரை குத்துவேன். ஒன்று என் பீரோவில், ஒன்று அவர்கள் வீட்டில். நாளைக்கு சண்டை வந்தால் அந்த ஓட்டை போட்ட பீஸ்தான் சாட்சி. முப்பது வீடுகளில் வேலை நடந்தது. ஒரு வீட்டிலும் சண்டை வந்ததில்லை.

இந்தப் பெருமையோடு நான் இருந்திருக்கலாம். மகள் எஸ்தர் விடவில்லை.

இரண்டாயிரத்து நாலு, ஐந்து வாக்கில் அவள் வேலூரில் ஓர் ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அது சம்பளத்துக்கு. சம்பளமே இல்லாமல் இன்னொரு வேலையும் பார்த்தாள். அவளும் அவளைப் போன்ற இருபது பேரும் சேர்ந்து இன்டர்நெட்டில் ஒரு களஞ்சியம் வைத்திருந்தார்கள். தமிழில் தட்டச்சு செய்ய, எழுத்துப் பிழை பார்க்க, அகராதி தேட என்று யார் எந்த மென்பொருள் எழுதினாலும் அதைப் பொதியாகக் கட்டி அங்கே வைக்கலாம். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம். (இலவசம் என்று கேட்டதுமே எனக்கு நெஞ்சு வலித்தது. அது வேறு கதை.)

வருகிற பொதியெல்லாம் தாறுமாறாக இருந்ததுதான் அவளுக்குப் பிரச்சினை. எப்படி அனுப்ப வேண்டும் என்று பதினான்கு பக்கத்தில் வழிகாட்டி எழுதி வைத்திருந்தார்கள். எழுதிய இருவரைத் தவிர அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டாள். "அப்பா, உன் ஆளுங்க முப்பது வீட்டுலயும் எப்படிப்பா கரெக்டா தைக்கிறாங்க? நீ இன்னா சொல்லி அனுப்புற?"

கேட்டிருக்கக் கூடாது. என்னிடம் யோசனை கேட்பது, குழாயைத் திறந்துவிட்டு ஊருக்குப் போவது மாதிரி.

"பதினாலு பக்கமா? என் ஆளுங்களுக்கு நான் பத்தே வரி சொல்வேன். எழுதிக்கோ" என்றேன்.

அவள் தட்டச்சு செய்யச் செய்ய நான் சொல்லிக்கொண்டே போனேன். ஒரு தடவைக்கு ஒரே சாமான் அனுப்பு, ஷூவையும் பெல்ட்டையும் ஒரே டப்பாவில் திணிக்காதே. யார் செய்தது, எதற்குச் செய்தது என்று டப்பா மேலேயே எழுது. உன் காலுக்குச் சரியாக இருக்கிறது என்று அனுப்பாதே, பக்கத்து வீட்டுக்காரன் காலில் போட்டுப் பார். அவள் பொதிக்குத் தகுந்தபடி வார்த்தையை மாற்றிக்கொண்டாள். ஏழாவதாக, திருப்பி அனுப்புகிறவனுக்கும் ஒரு விதி சொன்னேன். வெறுமனே ரிஜெக்ட் என்று எழுதாதே, குறை எந்த இடத்தில் என்று அம்பு போட்டுக் காட்டு. எஸ்தர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அப்பா, இது சூப்பர்ப்பா. புதுசா வர்றவங்க பாதிப் பேரு இதனாலதான் கோச்சிக்கினு போய்ட்றாங்க."

அத்தோடு நான் எழுந்து கை கழுவியிருக்க வேண்டும்.

"பத்தாவது, சாம்பிள். ரெண்டு பீஸ் கையில வரணும். பாத்து ஓகே பண்ணி சீல் வெச்சி, ஒண்ணு நாம பத்திரமா வெச்சிக்கணும், ஒண்ணு அவங்களுக்கு அனுப்பணும்."

"இது கையில தொடுற சாமான் இல்லப்பா. சாம்பிளே தேவையில்ல."

"கையில தொடாம எப்படிம்மா குவாலிட்டி பாப்ப?"

"விடுப்பா" என்று சிரித்துவிட்டு ஒன்பது விதிகளோடு கம்ப்யூட்டரை அணைத்தாள். மறுநாள் ஆபீஸ் வேலையாக மூன்று வாரப் பயிற்சிக்கு ஹைதராபாத் போய்விட்டாள். அதை இணையத்தில் ஏற்றும் பொறுப்பு அவளுடைய கூட்டாளி பிரபாகரிடம் இருந்தது. வேலூர்ப் பையன், மரியாதை ஜாஸ்தி. பெரியவர்கள் சொன்னால் மறுத்துப் பேசத் தெரியாது.

அந்த மரியாதையை நான் பயன்படுத்திக்கொண்டேன். போன் போட்டு, "தம்பி, பாப்பா அவசரத்துல பத்தாவது விதிய விட்டுட்டா. எழுதிக்கோங்க" என்றேன். என் வீட்டு முகவரியையும் கொடுத்தேன்.

"சிடில அனுப்பணுமா அங்கிள்?"

"கையில வரணும் தம்பி. எதுல வந்தாலும் சரி."

"சரிங்க அங்கிள்."

ஒரே வாரத்தில் தபால்காரர் என் கேட்டில் நிற்க ஆரம்பித்தார். பதினான்கு பக்கத்தை யாரும் படிக்கவில்லை. என்னுடைய பத்து வரியை எல்லோரும் படித்தார்கள், அப்படியே கீழ்ப்படிந்தார்கள். திருச்சியிலிருந்து, நாகர்கோவிலிலிருந்து, சிங்கப்பூரிலிருந்துகூட வந்தது. எல்லாம் இரண்டிரண்டு சிடி. எனக்குத் தலைகால் புரியவில்லை. யூனிட்டிலிருந்து பஞ்ச், அரக்கு, அட்டை, நூல் எல்லாவற்றையும் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

எப்படிச் சோதித்தேன் என்று கேட்பீர்கள். ஷூவின் மேல்பாகத் தோலை எப்படிச் சோதிப்பேனோ அப்படித்தான். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன், விரலால் தடவினேன், லேசாக வளைத்தேன். கீறல் இருந்தால், அந்த இடத்தைக் காட்டி, பளபளப்பான பக்கத்திலேயே சிவப்பு அம்பு ஒட்டினேன். கீறல் இல்லை என்றால் டக். ஓட்டை. நூல், அட்டை, அரக்கு.

கிரேஸ் முப்பது வருடம் நர்ஸாக இருந்தவள். யார் என்ன செய்தாலும் முதலில் பல்ஸ் பார்ப்பது போல் நின்று பார்ப்பாள். "இன்னாங்க, அதுல ஓட்டை போடலாமா?" என்று கேட்டாள்.

"உனக்கு இன்னா தெரியும் தொழில் பத்தி?"

"தெரியாதுங்க. ஏற்கெனவே நடுவுல ஓட்டை இருக்குதே, அதுலயே கயிறு கட்டக் கூடாதா?"

"அது கம்பெனிக்காரன் போட்ட ஓட்டை. இது அப்ரூவல் ஓட்டை" என்றேன். இந்த வாக்கியத்தை அவள் இன்றுவரை மறக்கவில்லை.

வந்ததிலேயே உயர்ந்த சரக்கு வாணியம்பாடியிலிருந்து வந்தது. அனுப்பியவர் சலீம் சார், அங்கே காலேஜ் ஒன்றில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்கிறவர். ஒரே பக்கத்தில் தமிழும் உருதுவும் மாற்றி மாற்றித் தட்டச்சு செய்ய ஒரு மென்பொருள் எழுதியிருந்தார். ஒன்று இடமிருந்து போகும், இன்னொன்று வலமிருந்து வரும். இரண்டையும் ஒரே வரியில் சண்டை போடாமல் உட்கார வைக்க அவருக்கு இரண்டு வருடம் ஆனதாம். சிடியில் ஒரு கீறல் இல்லை. உறைக்குள் பஞ்சு வேறு வைத்திருந்தார். இரண்டையும் ஓட்டை போட்டு சீல் வைத்துவிட்டு, அவருக்கு நானே போன் செய்தேன்.

"சார், உங்க பீஸ் ஓகே. சீல் ஆய்டிச்சு. ஒண்ணு என் பீரோவுல பத்திரமா இருக்கும், இன்னொண்ணு அனுப்பி வைக்கிறேன்."

"அனுப்பாதீங்க சார், ஞாயித்துக்கிழமை நானே நேர்ல வர்றேன். உங்கள பாக்கணும்" என்றார். குரல் தழுதழுத்தது. ஒரு மனிதனை இவ்வளவு சந்தோஷப்படுத்த முடிகிறதே என்று எனக்கும் தழுதழுத்தது.

அந்த ஞாயிறு காலைதான் எஸ்தரும் ஹைதராபாத்திலிருந்து வந்து இறங்கினாள். "மூணு வாரமா ஒரு பொதிகூட வரலப்பா, எல்லாருக்கும் இன்னா ஆச்சுன்னே தெரில. பேஜாரா இருக்கு" என்றாள். நான் சிரித்துக்கொண்டேன். சலீம் சார் வரட்டும், அவர் முன்னால் பீரோவைத் திறந்து காட்டலாம் என்று இருந்தேன்.

வந்தார். ஐம்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் ஒரு டப்பா மக்கன் பேடா. எனக்கும் எஸ்தருக்கும் ஊட்டிவிடாத குறை.

"உங்க பத்தாவது ரூல் இருக்கே சார், அதப் படிச்சதும்தான் எனக்கு நம்பிக்கையே வந்திச்சு. பத்திரமா வெச்சிக்கிறேன்னு யாரு சார் சொல்றாங்க இந்தக் காலத்துல?" என்றார்.

"பத்தாவது ரூலா?" என்றாள் எஸ்தர்.

"நீங்க சீல் ஆய்டிச்சுன்னு போன் பண்ணீங்களா, அன்னிக்கே வீட்டு கம்ப்யூட்டர சுத்தமா அழிச்சிட்டு புது சிஸ்டம் போட்டுட்டேன். ரெண்டு வருஷமா ரொம்பி வழிஞ்சிட்டு இருந்திச்சு. இப்ப மனசும் லேசாச்சு, மெஷினும் லேசாச்சு."

நான் கம்பீரமாக எழுந்து பீரோவைத் திறந்தேன். சிடிக்கள் அட்டையும் அரக்குமாக வரிசையாகத் தொங்கின. சலீம் சாருடையதை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

அவர் ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். பிறகு எஸ்தரைப் பார்த்தார். வாயிலிருந்த பேடாவை மெல்லவும் இல்லை, முழுங்கவும் இல்லை.

"அப்பா" என்றாள் எஸ்தர். அவ்வளவுதான் சொன்னாள். அவள் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி ஒரு வழியாகத் தப்பித்திருப்பேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் யூனிட்டில் ஒரு பீஸ் போனால் இன்னொரு பீஸ் தைக்கலாம். இந்த மனிதரின் இரண்டு வருடம் உலகத்திலேயே இரண்டே இடத்தில்தான் இருந்தது. இரண்டிலும் நான் ஓட்டை போட்டிருக்கிறேன். நாற்பது மெஷின் முதலாளி, நாற்காலி நுனியில் ஒண்டி உட்கார்ந்தேன்.

கிரேஸ்தான் முதலில் அசைந்தாள். ஆஸ்பத்திரிப் பழக்கம். "மொதல்ல அந்தக் கயிற வெட்டு. உசுரு இருக்குதா பாக்கலாம்" என்று கத்தரிக்கோலைக் கொண்டுவந்து எஸ்தரிடம் கொடுத்தாள்.

முதல் சிடியில் அரக்கைச் சுரண்டும்போதே ஓட்டையிலிருந்து நடுவரைக்கும் விரிசல் ஓடியது. சலீம் சார் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவதில் அரக்கைத் தொடாமல் நூலை மட்டும் வெட்டியதால், முடிச்சு தானாக உதிர்ந்தது. எஸ்தர் அதைக் கம்ப்யூட்டரில் போட்டாள். ஒரு பக்கம் எடை குறைந்ததால் அது உள்ளே சுற்றிய சத்தம், ஊசி உடைந்த தையல் மெஷின் மாதிரி இருந்தது. மேஜை ஆடியது. மேஜையைப் பிடித்துக்கொள்ளும் வேலை எனக்குக் கிடைத்தது. அன்று எனக்கு யாரும் வேறு வேலை கொடுக்கவில்லை.

"மெதுவா சுத்த வெக்கிறேன்" என்றாள். சத்தம் குறைந்தது. திரையில் ஒரு கோடு எறும்பு மாதிரி நகர்ந்தது. நாங்கள் நான்கு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கோடு கடைசிவரை போய் நின்றது. எஸ்தர் விசைப்பலகையை சலீம் சார் பக்கம் தள்ளினாள். அவர் தமிழில் ஒரு வார்த்தை, உருதுவில் ஒரு வார்த்தை அடித்தார். இரண்டும் ஒரே வரியில் அடக்கமாக உட்கார்ந்தன. அப்புறம்தான் பேடாவை முழுங்கினார்.

சிடியில் உள்ளேயிருந்து வெளியே என்றுதான் எழுதுவார்களாம். அவருடைய மென்பொருள் சின்னது. நடு ஓட்டையைச் சுற்றி விரல் அகலத்துக்குள் அடங்கிவிட்டது. நான் போட்ட ஓட்டை, ஒன்றுமே எழுதாத வெளி ஓரத்தில்.

உடனே எனக்கு உயிர் வந்துவிட்டது. "பாத்தியா? நல்ல தோல்ல நடுவுல எவனாவது ஓட்டை போடுவானா? ஓரத்துலதான் போடணும். இது நாப்பது வருஷ அனுபவம்" என்றேன்.

"அனுபவம் இல்லாதவன் ஓட்டையே போட்டிருக்க மாட்டான்" என்றாள் கிரேஸ்.

சலீம் சார்தான் பெரிய மனிதர். சிரிக்க ஆரம்பித்தவர், கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும்வரை சிரித்தார். போகும்போது விரிசல் விட்ட சிடியை எங்களிடமே விட்டுவிட்டு, ஓட்டை போட்ட நல்ல சிடியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். லேபில் ஆணியில் மாட்டப் போகிறாராம். "ஓட்டை ரெடியா இருக்குது சார், வேஸ்ட் பண்ணக் கூடாது" என்றார்.

பாக்கி சிடிக்காரர்கள் எல்லோருக்கும் எஸ்தர் மன்னிப்புக் கடிதம் எழுதினாள். பிரபாகர் இனிமேல் என் போனை எடுக்கக் கூடாது என்று உத்தரவானது. பத்தாவது விதி அன்று சாயங்காலமே மாறியது. இப்போது அது இப்படி இருக்கிறது: "நீங்கள் எழுதியதன் நகலை எப்போதும் உங்களிடமே வைத்திருங்கள். யார் பத்திரமாக வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னாலும்." அந்த 'யார்' யாரென்று அங்கே பெயர் போடவில்லை. மகள் என்பதால் அந்தச் சலுகை. என்னுடைய ஏழாவது விதி மட்டும், அந்த அம்பு விதி, ஒரு எழுத்து மாறாமல் அப்படியே இருக்கிறது. இதை நான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வேன்.

சொல்லி முடிப்பதற்குள் கிரேஸ் உள்ளே போய் அந்த விரிசல் சிடியை எடுத்து வந்துவிடுவாள்.

என் பஞ்ச்சை அவள் அன்றைக்கே பறிமுதல் செய்துவிட்டாள். எங்கே வைத்திருக்கிறாள் என்று இத்தனை வருடமாகியும் எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் ரவா தோசை சுடும் நாளில் மட்டும் என் தட்டை முதலில் வைப்பாள். உடம்பெல்லாம் ஓட்டையோடு தோசை வந்து விழும். நான் சாப்பிடாமல் பார்த்துக்கொண்டிருந்தால் சமையலறையிலிருந்து குரல் வரும்.

"சாப்பிடுங்க. இன்னிக்கு எல்லா பீஸும் அப்ரூவல்தான்."