குதிரைக்குத் தலைவாரிய உண்ணியர்

நெடுந்தீவுக் காட்டுக் குதிரையைப் பிடித்து, பேன்சீப்பால் வாரி, "சரி, போயிட்டு வாரும்" என்று மரியாதையாக அனுப்பிவைத்த மனிதர் உலகத்திலேயே உண்ணியர் ஒருவர்தான். முயலுக்கும் அதே உபசாரம். பொறியில் அகப்பட்ட முயலைக் கறியாக்காமல் தலைவாரி விடுகிறவரை ஊர் எப்படி மதிக்கும்?

காட்டு விலங்குகளில் நோய் பரப்பும் உண்ணி, தெள்ளுப்பூச்சி பிடிக்கவென்று அரசாங்கம் அனுப்பிய ஆள் அவர். அறுபதுகளில் நான் அங்கே தபாற்கந்தோர்க் கிளாக்கர். இருவருக்கும் ஒரே வாடகை வீடு. உண்ணியர் என்ற பட்டம் என் உபயம்.

ஞாயிறுகளில் வேடிக்கை பார்க்கக் கூடவே போவேன். வெள்ளைத் துணியொன்றைக் கயிற்றில் கட்டிப் புல்லின்மேல் இழுத்துக்கொண்டு நடப்பார். அதில் ஏறுகிற உண்ணிகளைக் குறட்டால் எடுத்துக் குப்பியில் போடுவார். விலங்கில் எடுத்ததென்றால் அதன் பெயரையும் எழுதி ஒட்டுவார்.

"அண்ணை, வேட்டியை மேய்க்கிறியளோ?"

"சிரியும், சிரியும். சாரத்தோடை புல்லுக்கை இருக்காதையும் எண்டு எத்தினை தரம் சொன்னனான்?"

அவர் காற்சட்டையைக் காலுறைக்குள் செருகியிருப்பார். நான் சாரத்தை மடித்துக் கட்டிப் புல்லில் சாய்ந்து இன்னும் சிரிப்பேன்.

ஒருநாள் காய்ச்சல் வந்தது. நெருப்புக்காய்ச்சல், அதாவது டைபாய்ட் என்று மருந்து தந்தார்கள். எட்டாம் நாள் எனக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. வீட்டுக்குத் தந்தி அடிக்க யோசித்தார்களாம்; தந்தி அடிக்கிறவனே நான்தான்.

தீவின் மறுகரையில் பத்து நாள் வேலை முடிந்து வந்த உண்ணியர், சுகம்கூட விசாரிக்காமல் என் சாரத்தைத் தூக்கிப் பார்த்தாராம். தொடையில் கறுத்த அயறு காய்ந்து மூடிய ஒரு புண்.

"அருமையான புண்!" என்று கத்தினாராம். காதுக்குப் பின்னால் இன்னும் ஒட்டியிருந்த ஓர் உண்ணியைக் குறட்டால் எடுத்தார். "இது உண்ணிக் காய்ச்சல். குடுக்கிற மருந்து கேளாது."

கடலென்றால் அவருக்குக் குலைநடுக்கம். கரையில் நிற்கிற வள்ளத்தைப் பார்த்தாலே வயிற்றைப் பிரட்டும். அன்று காற்றும் பலம்.

"இண்டைக்கு ஏலாது ஐயா" என்ற வள்ளக்காரரைக் கையெடுத்துக் கும்பிட்டு, கடல் தாண்டி ஊர்காவற்றுறைக்குப் போய், டாக்குத்தரிடம் விஷயத்தைச் சொல்லி அதற்கான மருந்துக் குளிசை வாங்கி வந்தார். போகவும் வாந்தி, வரவும் வாந்தி. மூன்றாம் நாள் நான் கஞ்சி கேட்டேன். இதை எழுதுகிற கை அவர் மீட்டுத் தந்த கை.

எழும்பி நடந்ததும் அவருடைய மேசையடிக்குப் போனேன். கொழும்புக்கு அனுப்பக் குப்பிகள் வரிசையாக நின்றன. விலங்கு: குதிரை. விலங்கு: முயல். விலங்கு: கீரி. கடைசியில் என் உண்ணி. "விலங்கு" என்ற சொல்லை அழகாக வெட்டிவிட்டு, பக்கத்தில் எழுதியிருந்தார்: "என்ரை சினேகிதன்."

அதற்குப் பிறகு யாராவது அவரை உண்ணியர் என்றால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அப்படிக் கூப்பிட எனக்கு மட்டும்தான் உரிமை.