உங்கள் தங்கை கடலில் இறங்குவது தொடர்பாக

நியூ பிரைட்டன்,
போர்ட் எலிசபெத்.
செவ்வாய்க்கிழமை

பெருமதிப்பிற்குரிய மச்சான் மோண்டே அவர்களுக்கு,

லுங்கிசா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நலமா என்பதைக் கடிதத்தைப் படித்துவிட்டு நீங்களே முடிவுசெய்து கொள்ளுங்கள். லிபோடேயில் மழை உண்டா, மாடுகளின் கால்நோய் தீர்ந்ததா, அக்காவின் முழங்கால் எப்படி என்றெல்லாம் முறையாக விசாரித்ததாக எடுத்துக்கொள்ளவும்.

உங்கள் தங்கை நோபண்டுவைப் பெண் கேட்டு வந்தபோது உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பரிசமாகச் சொன்ன மாடுகளை நான் மறுபேச்சில்லாமல் ஓட்டிவந்து கட்டினேன். பெண் நன்றாகச் சமைப்பாள், கோயிலில் பாடுவாள், கோபம் வந்தால் பேசமாட்டாள் என்றெல்லாம் சொன்னீர்கள். கடலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் மாட்டைத் திருப்பிக் கேட்கவில்லை. நடந்ததைத் தெரிவிக்கிறேன், அவ்வளவுதான்.

குளிர்காலத் தொடக்கத்தில் ஒருநாள், இடித்த சோளமும் பீன்ஸும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்: "சிவே அப்பா, நான் ஒரு பந்தயத்துல பேர் குடுத்திருக்கேன். கடல்ல நீந்தணும். கரையேறி சைக்கிள் மிதிக்கணும். அப்புறம் எறங்கி ஓடணும். எல்லாம் ஒரே நாள்ல."

"யாரு துரத்துறாங்க?"

"யாரும் துரத்தல."

"அப்ப எதுக்கு ஓடணும்?"

"கட்டிலுக்கு," என்றாள். அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் குழந்தைகளைச் சேர்த்துவிட்டு வெளியூர்த் தாய்மார்கள் நடைபாதை நாற்காலியிலேயே தூங்குகிறார்களாம்; பக்கத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக் கட்டில்கள் போடவேண்டுமாம்; சமையலறை மேற்பார்வையாளராக இவள் கேட்டால் யாரும் பணம் தரமாட்டார்களாம், ஐம்பத்து மூன்று வயதுக்காரி கடலில் குதித்தால் தருவார்களாம். அவளுக்கு நீச்சல் தெரியாது. எங்கள் இளமையில் 'வெள்ளையருக்கு மட்டும்' என்ற கடற்கரைப் பலகை நம்மவர்களை மணலிலேயே கால்வைக்க விட்டதில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

மெர்ல் என்று ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியை ஒருத்தி, என்னைவிட மூத்தவள், நகராட்சி நீச்சல்குளத்தில் இவளுக்குச் சொல்லிக்கொடுக்க வந்தாள். அந்தம்மாளின் குரல் குளத்துக்கு வெளியே நிறுத்தியிருந்த என் காருக்குள் கேட்கும். "மூச்ச வெளிய விடும்மா, நோபண்டு! காத்த சேத்து வெச்சு யாருக்குக் குடுக்கப்போற?" வீட்டுக்கு வந்தும் பயிற்சி நிற்கவில்லை, துணி ஊறவைக்கும் தொட்டியில் முகத்தை அமுக்கிக்கொண்டு அவள் குமிழி விடுவாள், என் சட்டைகள் வாளியில் காத்திருக்கும். அப்புறம் ஒரு டாக்டர் கொடுத்த பழைய சைக்கிள் வந்தது. அதில் செருப்பை மிதிகட்டையோடு பூட்டிக்கொள்ள வேண்டும், நிற்கும்போது பூட்டைக் கழற்ற வேண்டும். பூட்ட மட்டும் கற்றுக்கொண்டாள். ஆகவே ஒவ்வொரு சிக்னலிலும் மரம்போலச் சாய்ந்தாள். டாக்ஸி ஸ்டாண்டு எதிரே அப்படிச் சாய்ந்தபோது ஓட்டுநர் ஒருவன் அவளையும் சைக்கிளையும் தன் டாக்ஸி வேனில் ஏற்றிவிட்டு, "பாருங்க, இந்த அம்மாவுக்கு டாக்ஸிக்குக்கூடக் காசில்ல, இந்த வயசுல சைக்கிள் மிதிக்குது, ஆளுக்குக் கொஞ்சம் போடுங்க," என்று பயணிகளிடம் வசூல் செய்தான். அவள் மறுத்தாளா? கட்டிலுக்குக் காசு சேர்க்கும் டப்பாவைப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள்.

ஓடும்போது பாதுகாப்புக்காகக் காரில் பின்னாலேயே வரச்சொன்னாள். சனிக்கிழமைக் காலை, விளக்கைப் போட்டுக்கொண்டு, நடக்கிறவன் வேகத்தில் நான் கறுப்புக் காரை ஓட்டினால் ஊர் என்ன நினைக்கும்? எதிரே வந்தவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். இரண்டு கார்கள் எங்கள் பின்னால் சேர்ந்துகொண்டன, பிறகு இன்னும் சில, பிறகு ஒரு பஸ். கடற்கரையில் நிறுத்தியபோது யாரென்றே தெரியாத ஒரு பெரியவர் என் கையைப் பிடித்து, "மனசத் தேத்திக்கப்பா," என்றார். "எறந்தது யாரு?" என்று கேட்டேன். "அத நீதானே சொல்லணும்," என்றார். அவர் மனைவி சாப்பாடு எங்கே என்று விசாரித்தாள்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். நீச்சல் உடுப்பு வந்த அன்றுதான் விஷயம் கோயில்வரை போனது. அது ரப்பர். ஒரு ஆள் தானாக அதற்குள் நுழைய முடியாது. மெர்ல் ஒரு காலையும் நான் ஒரு காலையும் இழுத்துக்கொண்டிருக்க, உங்கள் தங்கை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இடுப்புவரை மாட்டி நிற்க, கதவைத் தட்டாமல் போதகர் உள்ளே வந்தார், பின்னால் மாதர் சங்கத் தலைவி மபாண்ட்லா அம்மாள். போதகர் உடனே கண்ணை மூடி ஜெபம் தொடங்கினார். நாங்கள் முழுவதும் மாட்டி முடிக்கும்வரை ஆமென் சொல்லவில்லை.

மபாண்ட்லா அம்மாள் கண்ணை மூடவில்லை. "நோபண்டு, சங்கத்துல பேசிட்டோம். உனக்குத் தேவையான கட்டில் அத்தனையும் நாங்களே வாங்கித் தர்றோம். இந்தக் கண்றாவிய மட்டும் கழட்டி வெச்சிடு."

எனக்கு நியாயமாகப் பட்டது. கட்டில் கிடைக்கிறது, மனைவி மிஞ்சுகிறாள். அவளோ உடுப்போடு, வெயிலில் நிற்கும் நீர்நாய்போல நிமிர்ந்து நின்று சொன்னாள்: "அந்த நாற்காலிங்க பத்து வருஷமா அங்கதான் கெடக்கு. அப்ப தராத கட்டில இப்ப தர்றீங்கன்னா, இந்தக் கண்றாவிதான் வாங்கித் தருது. கழட்டினா நாளைக்கே மறந்துடுவீங்க." அவர்கள் தேநீர் குடிக்காமல் போனார்கள்.

போன வாரம் முதல்முறையாகக் கடலில் ஆழத்துக்குப் போனாள். மெர்ல் இவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரைக்கு வந்தாள். உங்கள் தங்கை காரில் உட்கார்ந்து ஈரத் தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டாள். பிறகு, "அங்க கீழ தரையே இல்ல," என்றாள். "அப்ப விட்டுடலாம்," என்றேன். அப்போதுதான் அவள் சொன்னாள்: உங்கள் லிபோடே பக்கத்துப் பெண் ஒருத்தியாம், பார்வை நேரம் முடிந்தது என்று காவலாளி வெளியே அனுப்ப, டாக்ஸி ஸ்டாண்டில் மூட்டைமேல் தூங்கினாளாம், காலையில் வந்தபோது குழந்தை உயிரோடு இல்லையாம். "நான் அவளுக்குக் கஞ்சி கொண்டு போனேன், சிவே அப்பா. வேற என்ன கொண்டுபோகத் தெரியும் எனக்கு?" நான் வண்டியைக் கிளப்பினேன்.

வரும் ஞாயிறு பந்தயம். அவள் இரவில் கால்களை உதைக்கிறாள், கனவில் நீந்துகிறாள் போலும். அண்ணன் நீங்கள் ஒருவர் சொன்னால் தட்டமாட்டாள். கடிதம் கண்டவுடன் பஸ் ஏறி வந்து, மூத்தவர் என்ற முறையில் அவளைத் தடுத்து நிறுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். எனக்குக் கட்டில்கள்மேல் விரோதமில்லை. எனக்கு இவள் ஒருத்திதான்.

முன்னோர்கள் உங்கள் தொழுவத்தையும் அடுப்பையும் காக்கட்டும். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்,
லுங்கிசா

பின்குறிப்பு: இன்று திங்கள். கடிதத்தைத் தபாலில் போடவில்லை. வேண்டுமென்றே போடவில்லை என்று மெர்ல் சொல்கிறாள்; மறந்துவிட்டேன் என்று நான் சொல்கிறேன். கடலிலிருந்து அவள் கடைசிக்கு முந்தியவளாக வந்தாள். அவளுக்கும் பின்னால் ஒரு பல் மருத்துவர் இருந்தார். எதிர்காற்றில் சைக்கிள் நகரவில்லை. முடித்து இறங்கியபோது பந்தயம் நடத்துகிற பையன் ஒருவன் அவள் கணுக்காலில் இருந்த நேரக்கணக்குப் பட்டையை அவிழ்த்துக்கொண்டு, "நேரம் முடிஞ்சுதும்மா. இனிமே ஓடினாலும் கணக்குல வராது," என்றான். "கணக்கு உன்னோடது தம்பி, கட்டில் என்னோடது," என்று சொல்லிவிட்டு ஓடினாள். சிறிது தூரத்தில் மாதர் சங்கம் சிவப்புச் சட்டையும் வெள்ளைத் தொப்பியுமாகச் சாலையோரம் காத்திருந்தது. மபாண்ட்லா அம்மாள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கூட ஓடினார்; மற்றவர்கள் முறைவைத்துப் பாடிக்கொண்டே வந்தார்கள். முடிவிடத்துக்கு வந்தபோது, காற்றடைத்த வளைவை இறக்கிச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் மெர்லும் ஆளுக்கொரு முனையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தோம், அவள் குனிந்து அதன் அடியில் ஓடிப்போனாள். கட்டிலுக்குப் பணம் சேர்ந்துவிட்டது, தாய்மார்கள் தங்கும் வீட்டுக்கு வாடகை பேசியாகிவிட்டது. ஆகவே மேலே எழுதியது எதையும் படிக்கவேண்டாம். இதைத் தாமதமாகச் சொல்கிறேன் என்று தெரிகிறது. நீங்கள் தடுக்க வரவேண்டாம், ஆனால் வரவேண்டும். அடுத்த வருடம் மூன்று பேர் சேர்ந்து ஆளுக்கு ஒன்று செய்யும் பிரிவில் நம் குடும்பத்தின் பெயரைக் கொடுத்துவிட்டாள். சைக்கிள் அவள், ஓட்டம் நான். உங்களுக்கு ரப்பர் உடுப்பு தைக்க இடுப்பளவு கேட்கிறாள். நீந்தத் தெரியாது என்று மட்டும் பதில் எழுதிவிடாதீர்கள், மச்சான். துணி ஊறவைக்கும் அந்தத் தொட்டி இப்போது காலியாகத்தான் இருக்கிறது.