இரண்டு ஊர், ஒரு கோட்

"இந்த வீட்டில இனிமேல் முடிவெடுக்கிறது நான்!"

அப்பா பொனிபஸ் முழங்கினார். கராஜுக்குள், கதவைப் பூட்டிக்கொண்டு, அம்மாவுக்குக் கேட்காத அளவுக்கு மெதுவாக.

எதிரே அம்மாவாக நின்றது நான். எங்கள் பென்டில் ஹில் ஸ்டேஷனில் ரயில் அறிவிக்கிற பொம்பிளை, இருமி இருமிப் பிரசங்கம் வைக்கிற ஃபாதர், மூக்கால் கதைக்கிற கணக்கு மிஸ், எல்லாரும் என் தொண்டைக்குள் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறார்கள். அதனால் ஒத்திகையில் அம்மா வேடம் எனக்கு.

விஷயம் இதுதான். கொம்பனி அப்பாவை மூன்று வருஷத்துக்கு ஜெர்மனிக்கு அனுப்புகிறது. பேர்லின் அல்லது மியூனிக், அவரே தெரிவு செய்யலாம். ஆனால் தனியாகப் போகப் பயம். முட்டை அவிக்கும்போதே அவருக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும்.

"'வாறீரோ' எண்டு கேட்டா 'மாட்டன்' எண்டுவா. 'எந்த ஊர்' எண்டு கேட்டா ஊரைப் பற்றித்தான் யோசிப்பா. வாறதா இல்லையா எண்ட கதைக்கே இடமில்லை. விளங்குதோ, றொஷானி?"

"இஞ்சருங்கோ, உங்களுக்கு இவ்வளவு மூளையோ?" என்றேன், அம்மாவின் குரலில்.

அப்பா திடுக்கிட்டுப் பின்னுக்குப் போய், புல் வெட்டும் மெஷினுக்கு மேல் குந்திவிட்டார்.

யோசனை ஒன்றும் புதிதில்லை. மெல்பேர்னில் இருந்தபோது, "ஸ்ட்ராத்ஃபீல்டோ பென்டில் ஹில்லோ?" என்று கேட்டுத்தான் எங்களை சிட்னிக்குக் கிளப்பினார். வந்த முதல் வருஷம் முழுக்க அம்மா குசினி யன்னலோடு கதிரையைப் போட்டு, தபால்காரனுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தா. அவவுக்கு வேறு சினேகிதம் இல்லை. இப்போதுதான் ஆஸ்பத்திரியில் நிரந்தர வேலை, கோயிலில் பாட்டுக்குழு, வேலிக்கு மேலால் கதைக்க விமலாதேவி அன்ரி.

இரவுச் சாப்பாட்டில் அப்பா தொண்டையைச் செருமினார்.

"அஞ்சலீனா, கொம்பனி ஜெர்மனிக்குப் போகச் சொல்லுது. மூண்டு வருஷம். பேர்லினோ, மியூனிக்கோ?"

அம்மா இடியப்பத்துக்குச் சொதி விட்டா.

"பேர்லினில வீடு எடுக்கிறது பெரிய பாடாம்."

"ஓமோம்!"

"மியூனிக்கில வாடகை யானை விலையாம். ஆனா தடுக்கி விழுந்தாக் கோயில் வாசல்தான்."

"பக்தியான சனம்!"

"பேர்லின் பரந்த ஊர். பாதை மாறினா ஆரைக் கேக்கிறது? மியூனிக் அடக்கமானது."

"நீர் சொன்னாச் சரி."

"அப்ப மியூனிக்."

மேசைக்குக் கீழே அப்பா என் காலை மிதித்தார். வெற்றி மிதி. மறுநாளே கையெழுத்தும் போட்டார்.

அதன் பிறகு அம்மாவைப் பார்க்க வேண்டும்! எவ்வளவு உற்சாகம். அப்பாவைக் குசினிக்குள் கூப்பிட்டுப் பருப்பு அவிக்கப் பழக்கினா. சேட்டுக்குத் தெறி தைக்கப் பழக்கினா. "வெளிநாடு எண்டதும் மனிசிக்கு என்ன பாசம்!" என்று அப்பா உருகினார். கடைசியில் ஒரு பின்னேரம் கம்பளிக் கோட் ஒன்றோடு வந்தா.

"போட்டுப் பாருங்கோ."

"அளவு சரி. உம்மட கோட் எங்க?"

"எனக்கெதுக்கு? பென்டில் ஹில்லில இதைப் போட்டா நான் அவிஞ்சு போவன்."

அப்பாவின் ஒரு கை கோட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது.

"நீர்தானே மியூனிக் எண்டனீர்!"

"ஓம். பருப்பு அவிக்கத் தெரியாத மனிசனுக்கு அதுதான் தோதான ஊர். எந்த ஊர் எண்டுதானே கேட்டனீங்கள்? ஆர் போறது எண்டு கேக்கேல்லையே."

அப்பா என் பக்கம் திரும்பினார். "ஒத்திகையில நீ இதைச் சொல்லேல்லையே!"

"எனக்கு அம்மான்ர குரல்தான் வரும் அப்பா. மூளை வராது."

அம்மா கோட்டின் தெறிகளைக் கழுத்துவரை பூட்டிவிட்டா. கடைசித் தெறியில் அவவின் கை கொஞ்ச நேரம் நின்றது. ஒருவரும் பகிடி விடவில்லை. நான்கூட.

புறப்படுவதற்கு முன் அப்பா என்னைக் கராஜுக்குக் கூப்பிட்டார். "அம்மா ஏசுற மாதிரிக் கொஞ்சம் ரெக்கோட் பண்ணித் தா, பிள்ளை." நெஞ்சாரப் பேசிக் கொடுத்தேன்.

வீடு பெரிதாகிவிட்டது. ஒருநாள் சாப்பிடும்போது அப்பாவின் குரலில், "உப்புக் காணாது, அஞ்சலீனா" என்றேன். அம்மா சிரிக்கவில்லை. எழும்பிப் போய் உப்பை எடுத்து வந்து, அப்பாவின் கதிரைக்கு முன்னால் வைத்தா.

ஒரு ஞாயிறு பின்னேரம் அவர் மியூனிக்கிலிருந்து கோல் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமையில் அங்கே கடையெல்லாம் பூட்டாம். மூன்று நேரமும் முட்டையாம். திடீரென்று பின்னால் ஒரு பொம்பிளைக் குரல்:

"ஈரத் துவாயைக் கட்டிலில போடாதேங்கோ!"

அம்மா நிமிர்ந்தா. "ஆரது அங்க?"

"நீர்தான்" என்றார் அப்பா மெதுவாக. "சமைக்கேக்க போட்டு விடுறனான். சத்தமில்லாமல் இருக்கேலாது."

அம்மா யன்னலைப் பார்த்தா. தபால்காரன் வராத நாள். பிறகு ஃபோனைக் கிட்டே இழுத்து, மிகச் சாதாரணமாகக் கேட்டா:

"இஞ்சருங்கோ, வேலையை விட்டிட்டுத் திரும்பி வாறது நவம்பரிலயோ, டிசம்பரிலயோ?"

அப்பா நன்றாக யோசித்தார். வீட்டில் முடிவெடுக்கிறவர் அவர்தானே.

"நவம்பர்" என்றார்.