கொம்பையா சொன்னால்தான் எழும்பும்

யானை வளர்த்துப் பிழைத்த நாடு ஒன்று இருந்தது. பேர் ஆனைவயல். மரம் இழுக்கவும் தேர் தள்ளவும் அடுத்த நாடுகள் அங்கிருந்துதான் யானையை வாடகைக்கு எடுக்கும். நல்ல வரும்படி. அது போதாதென்று ராஜா மகிபாலர் யானைகளை ஈடு காட்டி மூன்று வியாபாரிகளிடம் கடன் வாங்கி, ஏழடுக்கு மாளிகை கட்டத் தொடங்கினார். கட்டட்டும், ராஜாதானே. ஆறாவது அடுக்கில் பணம் தீர்ந்தது. நாடு திவால்.

திவாலைத் தீர்க்க ஒருவரை நியமித்தார்கள். பட்டம் தீர்வுநாயகம். வேலைக்காரர்களுக்கு அப்போதே ஏழு மாதமாகச் சம்பளம் இல்லை.

நாட்டுக்குக் கொடுத்தவர் யாரும் வழக்கு முடியும்வரை திருப்பிக் கேட்கக்கூடாது என்பது அவருடைய முதல் ஆணை. கடன்காரர்களைத்தான் தடுக்கிறார் என்று ஜனங்கள் கும்பிட்டார்கள். உழைப்பைக் கொடுத்தவனும் கொடுத்தவனே, அவனும் கேட்கக்கூடாது என்று மறுநாள் விளக்கம் வந்தது. வேலைக்கு வராவிட்டால் யானை இளைக்கும், விலை குறையும், ஆகவே எல்லோரும் வரவேண்டும் என்று அடுத்த ஆணை. அதற்கப்புறம் ஒரு வரிசை போட்டார். முதலில் தீர்வுநாயகம், பிறகு வியாபாரிகள், பிறகு அரண்மனை விளக்கெண்ணெய். மிஞ்சினால் கூலி.

புல்லறுக்கும் சுடலி கம்மலை விற்றுக் கஞ்சி காய்ச்சினாள். அடுத்து விற்க அரிவாள்தான் இருந்தது.

ஈடு வாங்கியவருக்கு மட்டும் தடையில்லை என்று நான்காவது ஆணை வந்ததும், வியாபாரிகள் முப்பது யானைகளையும் ஓட்டிப்போக ஆளோடு வந்து இறங்கினார்கள். பாகர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அங்கேதான் கெட்டது காரியம். ஆனைவயலில் ஒவ்வொரு பாகனும் குட்டியிலிருந்தே தான் வைத்த சொல்லைச் சொல்லித்தான் யானையைப் பழக்குவான். வேறு வாய்க்கு அது அசையாது. முப்பதும் படுத்தே கிடந்தன. யானைகள் எழவேண்டும் என்று தீர்வுநாயகம் ஓலையில் எழுதி வாசித்தார். ஒன்று மட்டும் காதை ஆட்டியது.

மூத்த வியாபாரி, பாகர்களில் பெரியவனான கொம்பையாவிடம் வந்தார். பாகர் முப்பது பேருக்கும் ஏழு மாதக் கூலியைத் தானே தருவதாகச் சொன்னார்.

"புல்லறுத்தவங்க எம்பது பேரு இருக்காங்கய்யா" என்றான் கொம்பையா. "அவங்களுக்கும் வைங்க. அவங்க போட்ட புல்லுலதான் இதுக உசுரோட கெடக்கு."

"வரிசையில் நீங்கள் கடைசி என்பது நினைவிருக்கட்டும்" என்றார் தீர்வுநாயகம்.

"அப்ப கடைசியிலேருந்தே ஆரம்பிங்க, சாமி. எங்களுக்கு அவசரமில்ல. இதுகளுக்கும் இல்ல."

படுத்த யானைக்கும் தீனி போட்டாக வேண்டும், அந்தச் செலவு இனி வியாபாரிகள் தலையில். வியாபாரிகள் பொழுது சாய்வதற்குள் நூற்றுப்பத்துப் பேருக்கும் கூலியைக் கொடுத்துவிட்டார்கள். ராஜாவுக்கு நன்றி என்று அரண்மனை ஆட்கள் தெருவெல்லாம் தட்டி கட்டினார்கள். அது கட்டுகிறவன் பாடு. நன்றி கொம்பையாவுக்கு உரியது. தன் கூலி கைக்கெட்டிய பிறகும் அடுத்தவன் கூலிக்காக உட்கார்ந்திருந்த மனுஷன் அவன். சொல் மாறாமல் படுத்துக் கிடந்த அந்த ஜீவன்களுக்கும் உரியது.

மறுநாள் காலை யானைகள் புறப்பட்டன. புதிய ஆட்களுக்குச் சொல்லைக் கற்றுக்கொடுக்கப் பாகர்களும் கூடப் போனார்கள். சுடலியும் மற்றவர்களும் ஆளுக்கொரு கட்டுப் பச்சைப்புல் அறுத்து வந்து வழியில் வைத்தார்கள். இதற்கு எவ்வளவு என்று மூத்த வியாபாரி மடியை அவிழ்த்தார்.

"இதுக்குக் கூலி வேண்டாம்யா" என்றாள் சுடலி. "நாங்களாப் போடுறது."

ஆறாவது அடுக்கிலிருந்து தீர்வுநாயகம் பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானமே சபையில் ஐந்தாவது ஆணையை வாசித்தார்:

"குடிகள் கூலியில்லாமலும் மனமுவந்து உழைப்பதை நாம் கண்ணாரக் கண்டோம். ஆகவே இனி இந்நாட்டில் கூலி என்பது வீண் செலவு."

சபை எழுந்து நின்று கைதட்டியது. தட்டியவர்களுக்கு அந்த மாதச் சம்பளம் முதல் தேதியே வந்திருந்தது.